ஸ்கேன் பார்த்து ஆயுளைச் சொல்ல முடியுமா?

கேள்வி: எங்க ஐயனுக்கு 64 வயசுங்க, கோபி பக்கம் மஞ்சள் வெள்ளாமை. சோறு நெஞ்சுக்குள்ளேயே நிற்கிறது என்று எண்டோஸ்கோப்பி பார்த்ததில் உணவுக்குழாய் புற்றுநோய், ஸ்குவாமஸ் வகை என்றார்கள். கோயமுத்தூரில் கீமோவும் கரண்டும் சேர்த்துக் கொடுத்து முடிந்து 2 வாரம் ஆகிறது. முதல் பெட் ஸ்கேனில் எஸ்.யூ.வி. 14. இப்போதே இன்னொன்று எடுத்தால் பிழைப்பாரா என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்கிறார் மாமா. எடுக்கலாமுங்களா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இப்போது வேண்டாம் அம்மிணி. பெட் ஸ்கேனுக்கு முன்னால் போடுகிற ஊசி கதிரியக்கம் சேர்த்த ஒரு சர்க்கரை, புற்று செல்கள் அதை அதிகம் இழுப்பதால் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் கரண்டு வைத்துப் புண்ணான குழாயும் அதே சர்க்கரையை இழுக்கும். 2 வாரத்தில் எடுத்தால் புண்ணா, புற்றா என்று பிரிக்க முடியாமல் வீட்டில் எல்லாரும் பயந்து போவீர்கள். சிகிச்சை முடிந்து குறைந்தது 5, 6 வாரமாவது போகட்டும், முதலில் எடுத்த அதே இடத்திலேயே எடுங்கள். ஏனென்றால் இரத்தச் சர்க்கரை, ஊசி போட்டபின் காத்திருக்கும் நேரம், மெஷின் எல்லாமே எஸ்.யூ.வி. எண்ணை, அதாவது சர்க்கரையை எவ்வளவு இழுக்கிறது என்ற அளவை, மாற்றும்.

14 என்பதை ஆயுள் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் எண்ணைவிட, சிகிச்சைக்குப் பின் அது எவ்வளவு இறங்கியது என்பதுதான் கொஞ்சம் பேசும். ஜெர்மனியில் 2007இல் வெளியான ஓர் ஆய்வில், கீமோ தொடங்கி 2 வாரத்தில் 35 சதவீதமாவது இறங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். ஆனால் அது உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில், சுரப்பி செல்களில் தொடங்கும் அடினோகார்சினோமா என்ற வேறு வகைக்குச் செய்தது, உங்கள் ஐயனுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

அவருடைய வகைக்கு ஆறுதலான சேதி வேறு இருக்கிறது. நெதர்லாந்தில் கீமோவும் கதிரியக்கமும் கொடுத்து, பிறகு அறுவை செய்த கிராஸ் ஆய்வில் (2012), ஸ்குவாமஸ்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வெட்டி எடுத்த குழாயில் உயிருள்ள புற்று செல்லே இல்லை. அடினோகார்சினோமா வகையில் அது கால்வாசிக்கும் குறைவு. ஆனால் யார் அந்தப் பாதி என்று வெளியிலிருந்து ஸ்கேன் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. படம் சுத்தமாக இருந்தும் உள்ளே மிச்சம் இருந்தவர்கள் உண்டு. அதனால்தான் எண்டோஸ்கோப்பியில் ஆழமாகச் சதை எடுத்துப் பார்க்கிறார்கள், அதிலும், குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் எண்டோ அல்ட்ராசவுண்டிலும் ஒன்றுமில்லை என்றால் மட்டுமே, பெரிய மையங்களில், அறுவையைத் தள்ளிவைத்து அடிக்கடி கண்காணிப்பது பற்றிப் பேசலாம்.

மாமா சொன்ன கம்ப்யூட்டர் கதை முழுப் பொய்யில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வேறுபாடுகளைப் படத்திலிருந்து எண்களாக்கி, பலன் எப்படி இருக்கும் என்று கணிக்கும் ரேடியோமிக்ஸ் ஆராய்ச்சி நிறைய நடக்கிறது. ஓர் ஆஸ்பத்திரி மெஷினில் நன்றாகச் சொன்ன கணக்கு இன்னோர் ஆஸ்பத்திரியில் தடுமாறுவதுதான் சிக்கல். அதை நம்பி அறுவை வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுக்க நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம், யாரும் கேட்காத ஒரு விஷயம், பெட் ஸ்கேனோடு சேர்த்து எடுக்கும் சி.டி. படத்திலேயே இருக்கிறது. முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் மூன்றாவது எலும்பருகே தசை எவ்வளவு இருக்கிறது என்று அளக்கலாம், தசை கரைந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் தொந்தரவும் ஆபத்தும் அதிகம். இது மட்டும்தான் உங்கள் வீட்டுச் சமையலறையால் மாற்றக்கூடிய சங்கதி! டாக்டரிடம் கேளுங்கள். ராகிக் கூழில் பால் சேர்த்து, பச்சைப்பயறு நன்றாகக் கடைந்து, முட்டையை மசித்து, காரமில்லாமல் ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு ஆறேழு தடவை கொடுங்கள். எடை இறங்கினால் டியூப் வழியாக உணவு கொடுப்பதற்குப் பயந்து மறுக்காதீர்கள்.

தண்ணீர்கூட இறங்கவில்லை, குடிக்கும்போது புரையேறி இருமுகிறார், வாந்தியில் இரத்தம் என்றால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.