மேடும் பள்ளமும் பேசும் மைதானம்: வாசகர் கேள்வி–பதில்

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரை ஒட்டிக் கிடக்கிறது ஓல்ட் கோர்ஸ். கோல்ஃபின் தாய்வீடு என்று பெயர் பெற்ற இந்த மைதானம் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இம்முறை பதில். விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகச் சில சொற்கள்: முதல் அடி அடிக்கும் இடம் டீ. குழியும் கொடியும் உள்ள, மழித்தது போன்ற புல்தரை கிரீன். இரண்டுக்கும் நடுவே புல்லை ஒட்ட வெட்டிய பாதை ஃபேர்வே. மணல் பரப்பிய பள்ளம் பங்கர். டீ முதல் குழி வரையிலான ஒரு பகுதி முழுவதற்கும் ஹோல் என்று பெயர். இத்தனை அடிகளில் முடிக்கலாம் என்று ஒரு ஹோலுக்கு வகுத்த கணக்கு பார்.

டி.வி.யில் பிரிட்டிஷ் ஓபன் பார்த்தேன். மரம் இல்லை, குளம் இல்லை, மாடு மேய்கிற தரிசு மாதிரி இருக்கிறது. இதையா உலகின் தலைசிறந்த மைதானம் என்கிறார்கள்?
— வாசகர், கோவை

உங்கள் கண்மேல் குற்றமில்லை, கேமராமேல்தான். உயரத்திலிருந்து எடுக்கும் படம் மேடு பள்ளங்களைத் தட்டையாக்கிவிடும். நேரில் போனால் கால் வைக்கும் ஒவ்வோர் அடியிலும் தரை நெளிகிறது. முழங்கால் உயர மேடு, இடுப்பளவுப் பள்ளம், அதற்கப்பால் இன்னொரு மேடு. காற்றும் கடலும் குவித்த மணல்மேல் புல் படர்ந்த நிலம் அது.

அழகு எங்கே என்றால், அந்தத் தரை ஆட்டக்காரரை யோசிக்க வைக்கும் விதத்தில் இருக்கிறது. முதல் ஹோலையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஹோலுக்கும் கடைசி ஹோலுக்கும் ஒரே ஃபேர்வே, அகலம் சுமார் 129 கஜம். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் பந்து புல்லில்தான் விழும். ஆனால் கிரீனின் வாசலை ஒட்டி ஸ்வில்கன் ஓடை போகிறது. கொடியை முன்பக்கம் நட்டிருந்தால் இரண்டாவது அடி ஓடையைத் தாண்டிய கையோடு நின்றாக வேண்டும். முதல் அடியில் இல்லாத பயம் இரண்டாவது அடியில் வந்து நிற்கிறது.

இதைவிடத் தெளிவான உதாரணம் 14-ஆம் ஹோல். 600 கஜத்துக்கும் மேல் நீளம். வலப்பக்கம் கல்சுவர், தாண்டினால் பந்து எல்லைக்கு வெளியே. இடப்பக்கம் பியர்டீஸ் என்ற பங்கர் கூட்டம். நடுவில் எலிசியன் ஃபீல்ட்ஸ் என்று பெயரிட்ட நல்ல தரை. அங்கே பந்தை வைத்தவருக்கு அடுத்த சோதனை ஹெல் பங்கர். நரகம் என்று பெயர், ஆழம் ஏறக்குறைய 10 அடி. அதன் தலைக்கு மேல் அடித்துக் கடக்கலாம், அதற்கு முன்பாகவே நிறுத்தலாம், இடப்பக்கம் 5-ஆம் ஹோலின் ஃபேர்வேக்கு ஒதுங்கிச் சுற்றிப் போகலாம். மூன்றும் சரியான வழிகள்தான். எது இன்றைக்குச் சரி என்பதைக் காற்று சொல்லும். 1995 பிரிட்டிஷ் ஓபனில் ஜாக் நிக்லாஸ் அந்தப் பங்கரில் மாட்டி, இந்த ஒரே ஹோலுக்கு 10 அடிகள் செலவிட்டார். ஒரே நிலம், ஒரே நாளில் பத்துப் பேருக்குப் பத்து விதமான கேள்வி கேட்கிறது. குளம் வெட்டியும் மரம் நட்டும் இதைக் கொண்டுவருவது கடினம்.

இந்த மைதானத்தை வடிவமைத்தவர் யார்?
— வாசகி, திருச்சி

ஒரே ஆளின் பெயரைச் சொல்ல முடியாது. 1457-லேயே ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம், வில்பயிற்சி கெடுகிறது என்று கோல்ஃபைத் தடை செய்தது. அவ்வளவு பழைய ஆட்டம். 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் எழுதிக்கொடுத்த சாசனம், இந்த மணற்புல் நிலத்தில் விளையாடும் உரிமை ஊர்மக்களுக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது. முயல் வளர்க்கும் உரிமையும் அதே சாசனத்தில்தான் வருகிறது. முயல்கள் வளை தோண்டின. ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிப் பள்ளங்களில் படுத்தன. அவை தேய்த்துப் புல் போன இடங்களில் மணல் வெளிப்பட்டது. பல பங்கர்களின் பிறப்பு அப்படித்தான் என்பார்கள்.

அப்போது ஊரிலிருந்து ஒரு வரிசைக் குழிகளை ஆடிக்கொண்டு போய், அதே குழிகளை ஆடிக்கொண்டே திரும்புவார்கள். ஒரு சுற்றுக்கு 22 ஹோல். 1764-இல் தொடக்கத்திலிருந்த நான்கு சிறிய ஹோல்களை இரண்டாக இணைத்தார்கள். போக இரண்டு, வர இரண்டு குறைந்து 18 ஆனது. உலகெங்கும் 18 நிலைத்தது இந்தக் கணக்கால்தான்.

மனிதக் கை பட்டது 19-ஆம் நூற்றாண்டில். புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஆலன் ராபர்ட்சன் காலத்தில் ஃபேர்வேக்கள் அகலமாயின. 1864-இல் மைதானக் காவலராகத் திரும்பி வந்த டாம் மாரிஸ் முதல் ஹோலுக்குத் தனிக் கிரீன் அமைத்தார். அதுவரை பெரும்பாலும் வலஞ்சுழியாக ஆடிய மைதானத்தை இடஞ்சுழியாகவும் ஆட முடிந்தது. இன்று வழக்கம் இடஞ்சுழி.

இது ஏன் முக்கியம்? 12-ஆம் ஹோலின் டீயில் நின்றால் முன்னால் வெற்றுத் தரைதான் தெரியும். நடுவில் அடித்த நல்ல பந்து காணாமல் போகும். அங்கே உள்ள பங்கர்கள் எதிர்த்திசையிலிருந்து வருபவருக்குத் தெரியும்படி அமைந்தவை. நமக்கு அவற்றின் முதுகுதான் தெரிகிறது. கிரீனுக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள், எல்லாம் வாய் திறந்து நிற்கும்.

பங்கரின் சுவர் செங்கல் அடுக்கியது போல் வரிவரியாக இருக்கிறதே, அது என்ன?
— வாசகர், மதுரை

செங்கல் இல்லை, புல்கட்டி. வேரோடும் மண்ணோடும் பட்டையாகச் சீவி எடுத்த புல்லை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கையாக அடுக்குவார்கள். ஒவ்வொரு வரிசையையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து, பின்புறம் மண் கொட்டித் திமிசு போட வேண்டும். சாய்வு சற்றுக் குறைந்து நேர்ச்செங்குத்தானால் சுவர் முன்னே பிதுங்கிச் சரியும். பின்மண் இறுகாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கி வயிறு தள்ளும். வெயில் விழும் தெற்குமுகச் சுவர்கள் சீக்கிரம் உலர்ந்து பொடியும். ஆகவே எந்தச் சுவரும் நிரந்தரமில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து மறுபடி கட்டுகிறார்கள். பெரும்பாலும் ஆட்டம் குறைந்த குளிர்காலத்தில்.

இவ்வளவு பாடு எதற்கு? கடற்காற்று. ஆழமில்லாத, விளிம்பு சாய்ந்த பங்கரில் மணல் நிற்காது, பறந்துபோகும். ஆழமும் செங்குத்துச் சுவரும் மணலைக் காக்கின்றன.

ஓல்ட் கோர்ஸில் நூற்றுக்கும் மேல் பங்கர்கள். பல, நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் அளவுதான். ஆனால் சுற்றியுள்ள தரை அதை நோக்கிச் சரிந்திருக்கும். பல கஜம் தள்ளி விழுந்த பந்தும் உருண்டு வந்து உள்ளே இறங்கும். வாய் சிறிது, வயிறு பெரிது. 2000 ஓபனில் டைகர் வுட்ஸ் நான்கு நாளும் ஒரு பங்கரில்கூட விழாமல், பாருக்கு 19 அடி குறைவாக முடித்தார். அந்த வெற்றியில் நீளமான அடிக்கு உள்ள பங்கு எல்லாருக்கும் தெரியும். பந்தை எங்கே நிறுத்துவது என்ற தேர்வுக்கு உள்ள பங்கும் சிறிதல்ல.

ஒரே கிரீனில் இரண்டு கொடிகள் பார்த்தேன். குழப்பம் வராதா?
— வாசகர், யாழ்ப்பாணம்

வராது. போகும் ஹோலுக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் ஹோலுக்குச் சிவப்பு. இப்படி ஏழு இரட்டைக் கிரீன்கள். சேர்ந்திருக்கும் ஹோல்களின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்: 2–16, 3–15, 4–14, 5–13, 6–12, 7–11, 8–10. தனிக் கிரீன் உள்ளவை 1, 9, 17, 18 மட்டும். தவறான பாதியில் பந்தை ஏற்றிவிட்டால், நூறு அடி தூரத்துக்கும் மேல் மேடு பள்ளம் தாண்டித் தரையோடு உருட்ட வேண்டிவரும்.

17-ஆம் ஹோலைப் பார்த்து எல்லாரும் ஏன் நடுங்குகிறார்கள்?
— வாசகர், சென்னை

ரோட் ஹோல் என்று பெயர். 495 கஜம், பார் 4. வடிவமைப்பைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஹோல் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

டீயிலிருந்து ஃபேர்வே தெரியாது. வலப்பக்கம் ஹோட்டலை ஒட்டிய கறுப்புக் கொட்டகைகளின் மேலே அடிக்க வேண்டும். எவ்வளவு வலப்பக்கம் துணிகிறோமோ அவ்வளவு நல்ல கோணம் கிடைக்கும். கொஞ்சம் மிஞ்சினால் ஹோட்டல் வளாகம், எல்லைக்கு வெளியே. பயந்து இடப்பக்கம் அடித்தவருக்கு அடுத்த அடியில்தான் விலை தெரியும். கிரீன் நீண்டு, ஒடுங்கி, குறுக்குச் சாய்வாகக் கிடக்கிறது. அதன் இடது முன்பக்கத்தைக் குடைந்துகொண்டு ரோட் பங்கர். இடப்பக்கத்திலிருந்து வருபவருக்கும் கொடிக்கும் நடுவே அந்தப் பங்கர் சரியாக வந்து நிற்கும். அதைத் தாண்ட ஓங்கி அடித்தால் பின்னால் சாலை, அதற்கப்பால் கல்சுவர். சாலையும் ஆட்டத்துக்கு உட்பட்டதுதான். பந்தை எடுத்து வேறிடத்தில் வைக்கச் சலுகை கிடையாது.

1978 ஓபனில் ஜப்பானின் டாமி நகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். உருட்டிய பந்து சரிவில் திரும்பிப் பங்கரில் இறங்கியது. வெளியே வர நான்கு அடி. மொத்தம் 9. 1984 ஓபனில் பட்டத்துக்குப் போராடிய டாம் வாட்சனின் இரண்டாவது அடி சாலையைக் கடந்து சுவரோரம் போய் நின்றது. செவே பாயெஸ்தெரோஸ் கோப்பையை வாங்கினார்.

விவரம் தெரிந்தவர்கள் இரண்டாவது அடியைக் கிரீனுக்கு முன்னால், வலது பக்கமாகத் தரையோடு ஓடவிட்டு நிறுத்துவார்கள். அங்கிருந்து மேலேற்றி நான்கோ ஐந்தோ எழுதிக்கொண்டு நகர்வார்கள். ஐந்து என்பது அங்கே தோல்வி அல்ல.

அகஸ்டா எவ்வளவு அழகு! பூவும் பைன் மரமும் நீரும்… அதோடு இதை ஒப்பிட முடியுமா?
— வாசகி, பெங்களூரு

ஒப்பிடலாம், ஏனென்றால் அமெரிக்காவிலுள்ள அகஸ்டா மைதானம் இதன் பிள்ளை. அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1921-இல் செயின்ட் ஆண்ட்ரூஸின் 11-ஆம் ஹோல் பங்கரில் தவித்து, அந்த ஓபனையே பாதியில் விட்டவர். பிறகு மைதானத்தைப் புரிந்துகொண்டு 1927-இல் இங்கேயே ஓபனை வென்றார். 1958-இல் ஊர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்துக் கொண்டாடியது. அவரோடு அகஸ்டாவை அமைத்த அலிஸ்டர் மெக்கன்சி, 1924-இல் ஓல்ட் கோர்ஸை அளந்து வரைபடம் போட்டவர். 1933-இல் திறந்தபோது அகஸ்டாவில் வெறும் 22 பங்கர்கள். மரங்களுக்கு நடுவே பரந்த ஃபேர்வேக்கள். ஓல்ட் கோர்ஸின் தத்துவம் அப்படியே: இடம் தாராளம், சரியான இடம் கொஞ்சம். பூக்கள், முன்பு அங்கே இருந்த நாற்றுப்பண்ணையின் நினைவு. பூவை ரசியுங்கள், தவறில்லை. பூவுக்குக் கீழே தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் பாருங்கள்.

மைதானத்து ஓரங்களில் மஞ்சளாகப் பூத்திருக்கும் செடி எது?
— வாசகர், கோத்தகிரி

கார்ஸ் என்ற முட்புதர். ஏப்ரல், மே மாதங்களில் கொள்ளைப் பூ. பந்து உள்ளே போனால் தேடாமல் விடுவதே நல்லது. உங்கள் ஊருக்கும் இது புதிதல்ல: வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து, நீலகிரிப் புல்வெளிகளில் இன்று களையாகப் பரவிய மஞ்சள் முட்செடிகளில் இதுவும் ஒன்று. அங்கே மண்ணின் மகள், இங்கே இருக்கும் புல்வெளியைத் தின்னும் அந்நியச் செடி.

ஜூனில் எடின்பரோவில் மகள் வீட்டுக்குப் போகிறோம். கோல்ஃப் ஆடத் தெரியாது. மைதானத்தைப் பார்க்க விடுவார்களா?
— வாசகி, சேலம்

தாராளமாக. இது ஊர்ப் பொதுநிலம். 1974-இல் பாராளுமன்றச் சட்டம் வழி ஏற்பட்ட அறக்கட்டளை நிர்வகிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போங்கள். பெரிய போட்டி இல்லாத ஞாயிறுகளில் ஓல்ட் கோர்ஸில் ஆட்டம் கிடையாது. ஊரார் நாயோடும் குழந்தைகளோடும் நடப்பார்கள். கிரீன்மேல் நடக்காதீர்கள், பங்கருக்குள் இறங்காதீர்கள். மற்ற நாட்களில் முதல், கடைசி ஹோல்களைக் குறுக்கே வெட்டும் கிரானி கிளார்க்ஸ் வைண்ட் பாதை வழியாகக் கடக்கலாம், பந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு.

நடக்கும் வரிசை முக்கியம். ஊர்ப்பக்கம் 18-ஆம் கிரீனில் தொடங்கி, கிரீனிலிருந்து டீயை நோக்கிப் பின்னோக்கி நடங்கள். கிரீனுக்கு முன்னால் உள்ள வேலி ஆஃப் சின் (பாவப் பள்ளத்தாக்கு) என்ற பள்ளத்தின் விளிம்பில் குனிந்து, கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். 1995-இல் கொஸ்தான்தினோ ரோக்கா அந்தப் பள்ளத்திலிருந்து சுமார் 60 அடி தூரம் உருட்டிக் குழியில் போட்டது எவ்வளவு பெரிய வேலை என்று விளங்கும். பிறகு ஸ்வில்கன் கல்பாலம். படம் எடுக்க வரிசை நிற்கும். அடுத்து 17-ஆம் கிரீனைச் சாலைப் பக்கமிருந்து பாருங்கள். கால் வலிக்காவிட்டால் கழிமுகம் தெரியும் 11-ஆம் கிரீன் வரை போய் வரலாம், இரண்டு மணி நேரம் போதும். காற்று பிய்க்கும், ஜூனிலும் ஸ்வெட்டர் வேண்டும்.

நேரம்: மாலை ஏழுக்கு மேல். ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு பத்தாகும். சாய்வெயிலில் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும். நண்பகலில் தட்டையாகத் தெரிந்த தரை அப்போது அலையலையாக எழுந்து நிற்கும்.

பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்ற புல்மேடு இருக்கிறது, பந்தைத் தரையோடு உருட்டி மட்டும் ஆடும் (பட்டிங்) இடம். 1867-இல் தொடங்கிய பெண்கள் பட்டிங் கிளப் இங்கேதான் ஆடுகிறது. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நேரத்தில் சிறு கட்டணம் கட்டினால் உருட்டும் மட்டையும் பந்தும் கொடுப்பார்கள். பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். நேராக உருட்டிய பந்து எங்கெங்கோ வளைந்து போவதைப் பார்த்த பிறகு 18-ஆம் கிரீனுக்குத் திரும்பி வந்து ஆட்டத்தைப் பாருங்கள்.