மண்டபத்தில் 11 பிள்ளைகள்: வாசிப்புக்கு எப்படிக் குழு பிரிப்பது?

கேள்வி: பெஸ்தாரி ஜெயாவில் எங்கள் தாமான் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் தமிழ் வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். நான் ஆசிரியை இல்லை. முதலாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை 11 பிள்ளைகள் வருகிறார்கள். சேர்ந்து சொல்லும்போது மண்டபமே அதிர்கிறது, தனியாகக் கேட்டால் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் மலாய் நன்றாக வாசிக்கிறான், தமிழ்தான் வரவில்லை. ஆண்டுவாரியாகக் குழு பிரிக்கலாமா? மூன்றே மாதத்தில் வாசிக்க வைக்கும் பயிற்சிப் பெட்டி என்று ஒருவர் 480 ரிங்கிட் சொல்கிறார். 50 ரிங்கிட் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டி வாங்கிவிடலாமா?

பதில்: பெட்டி வேண்டாம், மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். ஆண்டுவாரியாகவும் பிரிக்காதீர்கள். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பிரியுங்கள்.

மண்டபம் அதிர்கிறது என்கிறீர்களே, அதை நம்பாதீர்கள். க கா கி கீ என்று ராகத்தோடு ஒப்பிக்கிற பிள்ளைக்கு அந்த வரிசை பாட்டாகத்தான் தெரியும், எழுத்தாகத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 'கூ' என்ற ஒரே எழுத்தைத் தனியாகக் காட்டிப் பாருங்கள், க-வில் ஆரம்பித்து மனசுக்குள் பாடிக்கொண்டே வந்துதான் கூ-வைத் தொடும், உதடு அசைவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பத்துப் பேர் சேர்ந்து சொல்லும்போது அந்தப் பிள்ளை பக்கத்தில் இருப்பவரின் வாயைப் பார்த்து அரை நொடி பிந்திச் சொல்கிறது, நமக்கு எல்லாரும் சொல்வதுபோல் கேட்கிறது. குறைநீக்கல் வகுப்பில் வருடக்கணக்காக நான் பார்த்த பிள்ளைகளில் பலர் இப்படித் தப்பித்தே இரண்டாம் ஆண்டு வரை வந்தவர்கள்.

அதனால் வருகிற சனிக்கிழமை பாடமே வேண்டாம். மற்றவர்களுக்கு வண்ணம் தீட்டக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே கூப்பிட்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். ஒரு தாளில் எழுத்துகளை வரிசை கலைத்து மூன்று பகுதியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் க, ட, ப, ம, ர போன்றவையும் புள்ளி வைத்த எழுத்துகளும். இரண்டாவதில் கா, கி, கீ, கு, கூ மாதிரி வலப்பக்கமோ ஒட்டியோ குறி வருபவை. மூன்றாவதில் கெ, கே, கை, கொ, கோ மாதிரி இடப்பக்கம் கொம்பு வருபவை. கூடவே நான்கு வரியில் ஒரு சின்னப் பத்தி. எந்தப் பகுதியில் பிள்ளை தடுமாறுகிறதோ அதுதான் அதன் குழு. பத்தி வரை தடையில்லாமல் வந்துவிட்ட பிள்ளைக்குக் கதைப்புத்தகம் கொடுத்து உட்கார வையுங்கள், அது உங்கள் கவலை இல்லை.

ஒரு குழுவில் மூன்று பேர், நான்கு பேர், மிஞ்சினால் ஐந்து. அதற்கு மேல் போனால் ஒரு பிள்ளை வாசிப்பதை நீங்கள் தனியாகக் கேட்கும் நேரம் சுருங்கிவிடும், அப்புறம் அது வகுப்பறை மாதிரியேதான். குழுக்களை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்டு மாற்றுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள்: மூன்றாம் ஆண்டுப் பிள்ளையை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வைத்தால் அடுத்த வாரம் வராது. பெரிய பிள்ளைகளில் தடுமாறுகிறவர்களை இருவராகச் சேர்த்து வேறு நேரத்தில் வரச் சொல்லுங்கள்.

வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் என்பதையும் உடைத்துவிடுங்கள். வாரத்தில் நான்கு மாலை, குழுவுக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் போதும், இந்த வயதில் அதற்கு மேல் கண் எழுத்தில் நிற்காது. நீங்கள் ஒருவராக இருந்தால் இடைநிலைப்பள்ளியில் படிவம் 2, படிவம் 3 படிக்கிற அக்கா யாராவது கூட உட்காரட்டும். ஆளுக்கு ஒரு வரி என்று வரிசையாக வாசிக்க விடாதீர்கள், தன் வரி எது என்று எண்ணிக்கொண்டு மற்ற நேரம் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் மெல்லிய குரலில் தாங்களே வாசிக்கட்டும், நீங்கள் ஒருவர் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டு, தடுமாறிய எழுத்தை நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் போங்கள்.

வாசிக்க என்ன கொடுப்பது என்றால், சொல்லிக்கொடுத்த எழுத்துகள் மட்டுமே வரும் சொற்கள். கல், மண், பல், மரம், படம், பழம், பட்டம் எல்லாம் முதல் குழுவே வாசிக்கலாம். துணைக்கால் ஒன்றைச் சேர்த்தால் கால், பால், மாம்பழம் வந்துவிடும். தாத்தா பாட்டி வெட்டிய 'பால் மரம்' (ரப்பர் மரம்) பிள்ளை வாயால் வருவதற்கு மொத்தம் ஐந்தே எழுத்தும் அந்தத் துணைக்காலும்தான் வேண்டும். ஆனால் தாமானைச் சுற்றி நிற்கிற 'செம்பனை'யை முதல் வாரத்தில் எழுதிப் போடாதீர்கள், அதில் செ, னை என்று இரண்டு கொம்பு இருக்கிறது. ண ன, ல ள ழ உச்சரிப்பைத் திருத்துவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

மலாய் வாசிக்கிற அந்தப் பையனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தோட்டப்புறத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அவனுக்கு வாசிப்பு என்றால் என்னவென்று தெரியும். எழுத்தைப் பார்த்து ஒலியைச் சேர்த்துச் சொல்லாக்கத் தெரியும். மூளையில் கோளாறு, கற்றல் குறைபாடு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மலாயில் கண் இடமிருந்து வலமாகப் போகப் போக ஒலியும் அதே வரிசையில் வரும். தமிழில் 'கொ' என்று எழுதும்போது வாயில் முதலில் வருவது க், ஆனால் கண்ணில் முதலில் படுவது கொம்பு. அவன் மலாய் பழக்கத்தில் கொம்பைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடுகிறான், அல்லது கொம்பை விட்டுவிட்டு 'கா' என்று வாசித்துவிடுகிறான். 'கை', 'கே' எல்லாம் அதே கதைதான். அதற்குச் செய்ய வேண்டியது: கொம்பையும் துணைக்காலையும் விரலால் மூடி நடு எழுத்தை மட்டும் 'க' என்று வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு விரலை எடுத்து இரண்டு பக்கமும் பார்க்க வைத்து 'கொ' சொல்லச் சொல்லுங்கள். கொ, பொ, மொ, தொ என்று ஒரே கொம்போடு பல எழுத்துகளைக் கலைத்துக் கொடுங்கள், பிறகு கொ, கோ இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வித்தியாசத்தைக் காட்டுங்கள். கூடவே கு, சு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவில் இருப்பதையும் தனியாகப் பழக்குங்கள். அவனை முதல் குழுவில் போட்டு க, ங, ச-வில் ஆரம்பித்தால் சலித்துப்போய்விடுவான், அவனுக்கு மூன்றாவது பகுதியும் இந்த கு, சு வடிவங்களும் மட்டும்தான் வேலை.

இரண்டு மொழியும் வராத பிள்ளை இருந்தால் அது வேறு விஷயம். முதலில் கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோர் அரசாங்க கிளினிக்குக் கூட்டிப்போகட்டும், குடிமக்களுக்கு அங்கே 1 ரிங்கிட்தான், தேவைப்பட்டால் மருத்துவரே மேலே அனுப்புவார்.

இப்போது அந்தப் பெட்டி. இந்த வியாபாரிகள் நேராக உங்களிடம் வருவதில்லை, கோயில் கமிட்டியிலோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ யாரையாவது பிடித்து, அவருக்கு ஒரு கமிஷன் பேசிவிட்டுத்தான் வருவார்கள். ஆங்கிலத்துக்குச் செய்த அட்டைகளைத் தமிழில் மாற்றி, அ-வுக்கு அம்மா படம், ஆ-வுக்கு ஆடு படம் போட்டு விற்பார்கள். பிள்ளை படத்தைப் பார்த்து ஆடு என்று சொல்லும், பெற்றோர் வாசிக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். படத்தைக் கையால் மறைத்துக் கேளுங்கள், பெட்டியின் மதிப்பு தெரிந்துவிடும். கல்வி அமைச்சு அங்கீகாரம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். இன்னும் மோசம், பத்துக் கேள்வி எழுதிய ஒரு தாளை வைத்துக்கொண்டு உங்கள் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்று சொல்லிவிட்டு, அதற்கு வேறு ஒரு பெட்டி விற்பது. அதைக் கண்டறிய பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், விற்பனை ஆள் சொல்லி ஒரு தாய் ராத்திரி தூங்காமல் கிடப்பதை என்னால் மன்னிக்கவே முடியாது. உங்களுக்கு வேண்டியது சின்ன வெள்ளைப் பலகை மூன்று, மார்க்கர், பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தை வெட்டிச் செய்த அட்டைகள், ஆளுக்கொரு நோட்டு. பாடநூலைப் பள்ளியே கொடுக்கிறது.

இவர்களுக்கு இவ்வளவு இடம் எப்படிக் கிடைத்தது என்றால், வாசிக்கத் தெரியாத பிள்ளையைப் பெற்றோருக்குத் தெளிவாகக் காட்ட நம் கல்வி முறையில் வழி இல்லை. 2010-இல் லைனஸ் திட்டம் வந்தபோது மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எல்லாப் பிள்ளையும் எழுதப் படிக்க, எண்ணத் தெரிந்துகொள்ளும் என்றார்கள். மலாயும் கணக்கும் பார்த்தார்கள், 2013-இல் ஆங்கிலத்தைச் சேர்த்தார்கள், தமிழ் வாசிப்பு அந்தப் பட்டியலில் வரவில்லை. திட்டமும் போய்விட்டது. 2021-இல் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யூபிஎஸ்ஆர் எடுக்கப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை, ஆனால் இப்போதைய ஆண்டிறுதித் தேர்வு நான்காம் ஆண்டிலிருந்துதான். முதல் மூன்று வருடமும் அறிக்கையில் 1 முதல் 6 வரை ஓர் அடைவுநிலை எண். அதில் 3 என்று போட்டிருந்தால் பிள்ளை ஒரு பத்தியைத் தானாக வாசிக்குமா வாசிக்காதா என்று எந்தத் தாய்க்குப் புரியும்? இரண்டு ஆண்டுகளை ஒரே அறையில் வைத்து நடத்துகிற சின்னப் பள்ளி ஆசிரியரையும் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கோப்பு நிரப்பவே நேரம் போதவில்லை. உங்கள் நோட்டில் குறித்ததை வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் நன்றியோடு வாங்கிப் பார்ப்பார்கள்.

கொடுத்த 50 ரிங்கிட்டைத் திரும்பக் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் நீங்களே வழக்குப் பதியலாம், வக்கீல் வேண்டாம். முன்பணத்துக்கு ரசீது வாங்கியதாக நீங்கள் எழுதவில்லை, அதனால் பணம் வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் முதலில் ரசீதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.