ஏமாறாத டிக்கெட், காசில்லாத இசை, மாட்டுக் கொழுப்பில்லாத சிப்ஸ்: பிரிட்டனுக்குப் போகும் குடும்பத்துக்கு ஒரு பதில்

கேள்வி: எங்கள் மகன் லீட்ஸில் படிக்கிறான். அக்டோபரில் பத்து நாள் அவனைப் பார்க்கப் போகிறோம். என் கணவருக்கு லிவர்பூல் அணி என்றால் உயிர். வாழ்நாளில் ஒரு ஆட்டமாவது நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். பதினைந்து வயது மகள் வீணை கற்கிறாள். அந்த ஊர் இசையைக் கேட்க ஆசைப்படுகிறாள். நான் முட்டைகூடச் சேர்க்காத சைவம். இணையத்தில் ஒரு டிக்கெட்டுக்கு 300 பவுண்டு கேட்கிறார்கள். மூவரின் ஆசையும் எங்கள் கைக்கு அடங்கிய செலவில் நிறைவேறுமா? சாப்பாட்டுக்கு ஏதாவது கட்டிக்கொண்டு போகலாமா? — மதுரை வாசகி ஒருவர்.

பதில்: நிறைவேறும். அந்த 300 பவுண்டு டிக்கெட்டை மட்டும் இன்றைக்கு வாங்கிவிடாதீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பயணத்தில் கையைச் சுடக்கூடிய ஒரே இடம் அதுதான்.

வட இங்கிலாந்தில் 18 ஆண்டுகளாக வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் வகுத்துத் தருவது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். எனக்குச் சொல்லாமல், ஏதோ ஒரு மறுவிற்பனைத் தளத்தில் டிக்கெட் வாங்கியிருந்தார்கள். ஆட்டத்தன்று நுழைவுக் கதவில் பையன் கைபேசியை வைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தான்; மறுபடியும் சிவப்பு. உள்ளே ஐம்பதாயிரம் பேர் பாடத் தொடங்கிவிட்டார்கள். இவர்கள் மதிலுக்கு வெளியே நின்று அதைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்தப் பையனின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்வதே இங்கே குற்றம். 1994ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. வேறொருவரின் உறுப்பினர் அட்டையில் எடுத்த டிக்கெட்டைக் கிளப் எந்த நேரத்திலும் செல்லாததாக்கலாம். ஆகவே கிளப்பின் சொந்த இணையதளம் மட்டுமே வழி. பெரிய அணிகளில் அதற்கும் முதலில் காசு கட்டி உறுப்பினராக வேண்டும். ஆனபிறகும் பெரும்பாலும் குலுக்கல்தான். சாப்பாடும் சேர்த்துக் கிளப்பே நேரடியாக விற்கும் விருந்தோம்பல் டிக்கெட் செல்லும், ஆனால் விலை சில நூறு பவுண்டு. அந்தக் காசு கையில் இருந்து, மனமும் ஒப்பினால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

பெரிய அணிகள் ஆடும் முதல் பிரிவான பிரீமியர் லீகுக்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று இன்னும் மூன்று பிரிவுகள் உண்டு. அவற்றுக்கும் கீழே நூற்றுக்கணக்கான சிறு கிளப்புகள். லிவர்பூல் நகரத்துக்கு எதிர்க்கரையில், மெர்சி ஆற்றுக்கு அப்பால், பர்க்கன்ஹெட் என்று ஒரு ஊர். அங்கே 1884இல் தொடங்கிய டிரான்மியர் ரோவர்ஸ் அணி இருக்கிறது. ஆற்றின் இந்தப் பக்கம் லிவர்பூல், எவர்ட்டன் என்று இரண்டு ஆலமரங்கள். அவற்றின் நிழலில் 140 ஆண்டுகளாகப் பட்டுப்போகாமல் நிற்கிற அணி அது. சனிக்கிழமை பெரிய அணிகள் ஆடினால் கூட்டம் அங்கே போய்விடும் என்பதற்காகப் பல காலம் வெள்ளிக்கிழமை இரவில் ஆட்டம் நடத்தியவர்கள். இந்த மாதிரி அணிகளின் டிக்கெட் பெரும்பாலும் 20, 30 பவுண்டுக்குள் முடிந்துவிடும்; சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. குலுக்கல் கிடையாது.

அங்கே நான் முதன்முதலில் போன நாளைச் சொல்ல வேண்டும். நவம்பர் மாதக் குளிர். பக்கத்து இருக்கையில் எழுபது வயதுப் பெரியவர், முழங்காலில் கட்டம் போட்ட கம்பளி. கோல் விழுந்தபோது எழுந்து கத்தினார். பின்பு உட்கார்ந்து, பிளாஸ்க்கின் மூடியில் தேநீர் ஊற்றி, ஒரு வார்த்தை பேசாமல் என்னிடம் நீட்டினார். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அதே வரிசைக்கு வந்தவராம், இப்போது பேரனோடு வருகிறார். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற குரலும், பந்தைக் காலில் உதைக்கும் 'தொப்' என்ற சத்தமும் எங்கள் வரிசைவரை கேட்டன. தொலைக்காட்சியில் எத்தனை ஆட்டம் பார்த்தாலும் அந்தச் சத்தம் கிடைக்காது. உங்கள் கணவர் கேட்கிற நேரடி ஆட்டம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்காக லிவர்பூல் அணியின் அரங்கமான ஆன்ஃபீல்டை விட்டுவிட வேண்டாம். ஆட்டம் இல்லாத நாளில் அரங்கைச் சுற்றிக்காட்டுகிறார்கள். முன்பதிவு செய்தால் போதும். அங்கே முதலில் ஆடியது எவர்ட்டன் என்பது பலருக்குத் தெரியாது. வாடகைத் தகராறில் 1892இல் அவர்கள் வெளியேறிப் பக்கத்திலிருந்த பூங்காவுக்கு அந்தப் பக்கம் குடிசன் பார்க்குக்குப் போனார்கள். காலியான மைதானத்துக்காகப் பிறந்த அணிதான் லிவர்பூல். எவர்ட்டன் ஆண்கள் அணி 2025இல் துறைமுகக் கரையில் கட்டிய புது அரங்குக்கு மாறிவிட்டது. பழைய குடிசன் பார்க்கில் இப்போது அவர்களுடைய பெண்கள் அணி ஆடுகிறது. மகளோடு போவதால் பெண்கள் ஆட்டத்தையும் யோசித்துப் பாருங்கள். கூட்டத்தில் குழந்தைகள் நிறைய இருப்பார்கள், டிக்கெட் கிடைப்பதும் எளிது.

தேதி விஷயத்தில் கவனம் தேவை. சனி மூன்று மணி என்று அட்டவணையில் போட்டிருக்கும் ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்காக ஞாயிறுக்கோ திங்களுக்கோ தள்ளிவிடுவார்கள். இலையுதிர் காலத்தில் நாடுகளுக்கிடையிலான ஆட்டங்களுக்காகப் பெரிய லீக் நின்றுபோகும் நாட்களும் உண்டு. லீக் ஒன், லீக் டூ பிரிவுகளில் பல நேரம் அப்போதும் ஆட்டம் நடக்கும். ஆட்ட நேரம் உறுதியான பிறகே ரத்துசெய்ய முடியாத ரயில் டிக்கெட்டை எடுங்கள். லீட்ஸிலிருந்து லிவர்பூலுக்கு நேரடி ரயில் உண்டு, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். பத்தில் மூன்று இரவு அங்கே தங்குங்கள்.

அரங்குக்குள் எதிரணிச் சட்டை அணியாதீர்கள். பெரிய பை கொண்டுபோகாதீர்கள். ஆண்கள் லீக் ஆட்டங்களில் மைதானம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக் கூடாது என்று 1985இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆகவே மகளை அழைத்துப்போகத் தயங்க வேண்டாம்.

இனி இசை. அரங்கத்திலிருந்தே அதற்கு ஒரு வழி போகிறது. லிவர்பூல் ரசிகர்கள் ஆட்டத்துக்கு முன் பாடும் பாட்டு, 1945இல் ஒரு அமெரிக்க இசை நாடகத்துக்காக எழுதப்பட்டது. 1963இல் ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் என்ற உள்ளூர்க் குழு பாடிய பிறகு அரங்கம் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. எதிரணி வாயடைத்துப்போனால் கேலியாக எழும் கோஷத்தைக் கேட்டுப் பாருங்கள். அதன் மெட்டு வேல்ஸ் நாட்டுத் தேவாலயப் பாடல் ஒன்றுடையது. எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டியில் 1927 முதல் ஒரு கிறிஸ்தவக் கீதம் பாடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் கூடிப் பாடிய குரல்கள் அப்படியே மைதானத்துக்கு வந்து அமர்ந்திருக்கின்றன.

அந்த மூலக் குரலை உங்கள் மகள் காசில்லாமல் கேட்கலாம். பெரிய பேராலயங்களில் வாரத்தின் பெரும்பாலான நாட்களில், மாலை ஐந்து, ஐந்தரை வாக்கில், 'ஈவன்சாங்' என்ற பாட்டு வழிபாடு நடக்கிறது. முக்கால் மணி நேரம். பயிற்சி பெற்ற பாடகர் குழு, பல இடங்களில் சிறுவர் சிறுமியரும் சேர்ந்து, 400 ஆண்டுக்கு முந்தைய இசையையும் பாடும். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயையும் யார்க் மின்ஸ்டரையும் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. இந்த வழிபாட்டுக்கு எவரும் இலவசமாக உள்ளே போகலாம், எந்த மதத்தவரானாலும். லீட்ஸிலிருந்து யார்க் அரை மணி நேர ரயில். 20 நிமிடம் முன்னதாகப் போய் "வழிபாட்டுக்கு வந்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். இடமிருந்தால் பாடகர்களுக்கு அருகிலுள்ள மர இருக்கைகளிலேயே உட்கார வைப்பார்கள். பாடகர்கள் இரண்டு பக்கமாக எதிரெதிரே நின்று, ஒரு வரியை இந்தப் பக்கம் எடுக்க, அடுத்த வரியை அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளும். பஜனையில் முன்பாட்டும் பின்பாட்டும் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே பிடிபடும். கைதட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. மற்றவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும்.

லிவர்பூல் பேராலயத்தையும் தவறவிடாதீர்கள். பிரிட்டனிலேயே மிகப் பெரிய பேராலயம். வரைந்தவர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட், அந்தச் சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வடிவமைத்தவரும் இவரே. அங்குள்ள ஆர்கன் என்ற பெரிய இசைக்கருவியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழல்கள். தாழ்ந்த சுரம் ஒலிக்கும்போது காதுக்கு முன்பே, நாம் உட்கார்ந்திருக்கும் பலகைக்குத் தெரியும்.

பீட்டில்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றிச் சொல்ல ஊரே காத்திருக்கிறது. மேத்யூ தெருவில் இருக்கும் கேவர்ன் கிளப், அவர்கள் பாடிய அதே அறை அல்ல. 1973இல் மூடப்பட்டதை, பழைய செங்கற்கள் பலவற்றைக் கொண்டு 1984இல் திரும்பக் கட்டினார்கள். பகலில் போங்கள்; இரவில் 18 வயது நிரம்பாதவர்களை விடமாட்டார்கள். ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் வளர்ந்த வீடுகளை நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கிறது; முன்பதிவு செய்த சிறு குழுவோடுதான் உள்ளே போக முடியும். மெக்கார்ட்னி வீட்டின் முன்னறையைப் பாருங்கள். நம் ஊர் வாடகை வீட்டுக் கூடம் அளவுதான்.

'பப்' எனப்படும் மதுக்கடையில் நாட்டுப்புற இசை கேட்க வேண்டுமானால் 'செஷன்' நடக்கும் மாலையாகப் பார்த்துப் போங்கள். மேடை கிடையாது. ஒரு மேசையைச் சுற்றிப் பிடில், புல்லாங்குழல், கான்செர்ட்டினா என்ற சிறு துருத்தி வாத்தியம் வைத்துக்கொண்டு தங்களுக்காக வாசிப்பார்கள். அந்த மேசையில் போய் உட்காரக் கூடாது. கேட்காமல் பதிவு செய்யக் கூடாது. மகளுக்கு எத்தனை மணிவரை அனுமதி என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள், கடைக்குக் கடை மாறும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். பிரிட்டனில் சைவம் கிடைக்காது என்பது பழைய கதை. சைவ சங்கம் இங்கே 1847இலேயே தொடங்கிவிட்டது. பால், முட்டைகூடச் சேர்க்காதவர்களைக் குறிக்கும் வீகன் என்ற சொல் பிறந்ததும் 1944இல் இங்கேதான். சிக்கல் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது: கொழுப்பில்.

மீனும் சிப்ஸும் விற்கும் கடையை ஊரில் 'சிப்பி' என்பார்கள். உருளைக்கிழங்குதானே என்று வாங்கிவிடாதீர்கள். வட இங்கிலாந்தில், குறிப்பாக நீங்கள் தங்கப்போகும் யார்க்‌ஷயரில், பல கடைகள் இன்றும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன. 'பீஃப் டிரிப்பிங்' என்று பெருமையாகப் பலகையிலேயே எழுதியிருக்கும். நான் வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. வினிகர் வாசனையோடு சூடான காகிதப் பொட்டலத்தைக் கையில் வாங்கி, பாதி தின்ற பிறகுதான் அந்தப் பலகையைப் பார்த்தேன். அன்று பட்ட மனவருத்தம் உங்களுக்கு வேண்டாம். காசு கொடுக்கும் முன் "எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள், மீனுக்குத் தனிச் சட்டி உண்டா" என்று கேளுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தாவர எண்ணெய்க் கடை கிடைத்தால் சிப்ஸோடு 'மஷி பீஸ்' கேளுங்கள்: காய்ந்த பட்டாணியைச் சோடா உப்பில் ஊறவைத்துக் குழைய வேகவைத்தது. உப்பும் வினிகரும் தூவி, சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும்.

இங்கே சைவம் என்றால் முட்டை சேரும். உங்களுக்கு முட்டை ஆகாது என்பதால் 'வீகன்' என்ற குறியைத் தேடுங்கள். பாலும் இருக்காது என்றாலும் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஞாயிறு விருந்தில் வரும் வறுத்த உருளைக்கிழங்கையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வாத்துக் கொழுப்பில் வறுப்பதுண்டு. வொர்ஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கிறது. சூப் டப்பாவில் 'மல்லிகட்டானி' என்று பார்த்து, நம் மிளகுத்தண்ணீர் ஆயிற்றே என்று எடுத்துவிடாதீர்கள்; பெயர் மட்டும்தான் நம்முடையது, பல தயாரிப்புகளில் இறைச்சி கலந்திருக்கும்.

லிவர்பூலில் ஒரு சாப்பாட்டைத் தேடிப் போய்ச் சாப்பிடச் சொல்வேன். ஊர்க்காரர்களுக்கு 'ஸ்கௌசர்' என்ற பெயரே 'ஸ்கௌஸ்' என்ற கறிக்குழம்பிலிருந்து வந்தது. மாலுமிகளின் உணவு; இறைச்சி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிடுவார்கள். இறைச்சி வாங்கக் காசில்லாத வீடுகளில் காய்கறியை மட்டும் போட்டுச் செய்ததற்கு 'பிளைண்ட் ஸ்கௌஸ்' என்று பெயர், குருட்டு ஸ்கௌஸ். வறுமையில் பிறந்த அந்தக் குழம்பை இன்றும் உணவகங்களில் தருகிறார்கள், பக்கத்தில் ஊறுகாய்ப் பீட்ரூட்டோடு. இறைச்சிச் சாறு விடாமல் செய்ததா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மதுக்கடைச் சாப்பாட்டுக்கு நீங்களே கல்லாவுக்குப் போய் மேசை எண்ணைச் சொல்லிக் காசு கட்ட வேண்டும். இரவு ஒன்பது மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசம்.

கடைசியாக, கட்டிக்கொண்டு போவது. இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவர அனுமதி இல்லை. நெய், பால்கோவா, பன்னீர் எதுவும் வேண்டாம். விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். நல்லெண்ணெயில் காய்ச்சிய புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, வற்றல் போதும். அரிசி எங்கும் கிடைக்கும், மகன் வீட்டில் அடுப்பு இருக்கும். ஆட்டத்தன்று காலையில் புளியோதரை கிளறிச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச் சாப்பாட்டையும் பிளாஸ்க்கையும் உள்ளே விடுவார்களா என்று கிளப்பின் தளத்தில் முதல்நாளே பார்த்துவிடுங்கள். இடைவேளை 15 நிமிடம். அக்டோபர் மாலையில் இருக்கை பனியாய்ச் சில்லிடும். மூவருக்கும் கம்பளிக் காலுறை, மடியில் விரிக்க ஒரு போர்வை, பிளாஸ்க்கில் காபி. பக்கத்து இருக்கைக்காரருக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுங்கள்.