"கெமிக்கல் இல்லாத" தரை துடைக்கும் திரவம் என்று விற்கிறார்களே, அது உண்மையா?

இல்லை. கெமிக்கல் என்றால் வேதிப்பொருள், அவ்வளவுதான். தண்ணீரும் அதில் ஒன்று. பூந்திக்கொட்டை நுரைப்பது சப்போனின் என்ற வேதிப்பொருளால். எலுமிச்சை உப்புக்கறையை எடுப்பது சிட்ரிக் அமிலத்தால். அரளி விதையும் சுத்தமான இயற்கைப் பொருள்தான், யாராவது வாயில் வைப்பார்களா?

பின் ஏன் இந்த விளம்பரம் எடுபடுகிறது? சாப்பிடாத குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டுவோமே, அதே உத்திதான். "உங்கள் குழந்தை தவழும் தரையில் விஷம்!" என்று படித்ததும் பதறிவிடுகிறோம். எந்தப் பொருள், எவ்வளவு, உடம்புக்குள் எப்படிப் போகும் என்று கேட்கத் தோன்றுவதில்லை. ஒரு சிட்டிகை உப்பு சாம்பாருக்கு ருசி, ஒரு கை உப்பு வாந்தி. பாட்டிலில் இருக்கும் அடர்த்தியும், ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி கலந்த அடர்த்தியும் ஒன்றல்ல.

அதற்காக எல்லாக் கவலையும் வீண் என்று சொல்லவில்லை. கழிவறை கழுவும் ஆசிட் தோலைப் புண்ணாக்கும். நெடி தாங்காத ஆஸ்துமாக்காரர்கள் வீட்டில் பூந்திக்கொட்டைக் கரைசல் நல்ல தேர்வு. ஆனால் லேபிளில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதாமல் "மூலிகைச் சாறு" என்று மட்டும் போட்டிருந்தால், எனக்கு அதில்தான் சந்தேகம் அதிகம்.

அப்புறம், "இயற்கைதானே, எதோடும் கலக்கலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். வினிகரை ப்ளீச்சிங் பவுடரோடு கலந்தால் நச்சான குளோரின் வாயு வரும்.