"அடுத்த வருடம்" என்று சொன்ன அப்பாக்கள்: கேளிக்கைப் பூங்கா கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். அப்பா, அம்மா இருவருமே பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்கள். பிறகு தமிழ்ப் பள்ளி ஆசிரியராகி, மாணவர்களைப் பல முறை சுற்றுலா அழைத்துச் சென்றிருக்கிறேன். விடுமுறை வருகிறதே, கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். பாதிப் பேர் டிக்கெட்டை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

ஐயா, கெந்திங் மலைக்குக் கூட்டிப்போகச் சொல்லிச் சிறுவயதில் அழுதிருக்கிறேன். "அடுத்த வருடம்" என்பார் அப்பா. அந்த வருடம் வரவே இல்லை. பணம்தான் காரணமா?

பணமும்தான். ஆனால் அதைவிடப் பெரிய தட்டுப்பாடு நாளுக்கு இருந்தது. அப்போது நீண்ட பள்ளி விடுமுறை நவம்பர், டிசம்பரில் வரும். அது மழைக்காலம். பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் மரமெங்கும் வழியும். கோப்பையில் சேர்ந்ததையும் மழை கரைத்துவிடும். வெட்டு இல்லாத நாள் கை வறண்ட நாள். அதனால் மழை விட்ட ஒரு காலையைக்கூட யாரும் விட மாட்டார்கள். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து பால் குறையும்போது அவர்கள் சற்று மூச்சுவிடுவார்கள். அப்போது நமக்குப் பள்ளிக்கூடம்.

விடுப்பே இல்லையா என்று கேட்பீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு 8 நாள், ஐந்து ஆண்டுக்குள் 12, அதற்கு மேல் 16 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்குச் சில நாள், ஈப்போவில் ஒரு கல்யாணம், கம்பாரில் ஒரு சாவு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கழித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பசுக்கள் வேறு. நாங்கள் மலையேறிவிட்டால் யார் பால் கறப்பது? மாட்டை விற்றுவிட்டுக் கெந்திங் போகலாம் என்று ஒருநாள் அம்மாவிடம் யோசனை சொன்னேன். கிடைத்த அடி இன்னும் நினைவிருக்கிறது.

உங்கள் அப்பா பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வருடமாவது மழை குறையும் என்று நம்பியிருப்பார்.

கெந்திங் மலையில் இருந்த அந்தப் பழைய வெளிப்புறப் பூங்காவை இப்போது போய்ப் பார்க்க முடியுமா?

முடியாது. 2013 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் ஃபாக்ஸ் சினிமா நிறுவனத்தின் பெயரில் ஒரு பூங்கா வருவதாக இருந்தது. ஒப்பந்தம் முறிந்து, 2018இல் வழக்காகி, மறு ஆண்டு சமரசம் ஆயிற்று. கடைசியில் கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரோடு 2022 பிப்ரவரியில் திறந்தது. நீங்கள் படத்தில் பார்த்து ஏங்கிய பூங்கா இல்லை, குளிர் மட்டும் பழைய குளிர்தான். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். தீபாவளிச் சட்டையோடு போய் நடுங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்; கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

மீமாலேண்ட் என்ற இடத்தில் குளித்ததாகப் பெரியப்பா சொல்கிறார். கதைவிடுகிறாரா?

பெரியப்பாவை நம்புங்கள் தம்பி. கோம்பாக்கில் 1975இல் திறந்தது. பெரிய நீச்சல்குளமும் டைனோசர் உருவங்களும் இருந்தன. 1994இல் மூடப்பட்டது.

டிஸ்னிலேண்ட்?

முதலாவது 1955இல் கலிபோர்னியாவில் திறந்தது. நமக்குப் பக்கம் என்றால் ஹாங்காங், 2005. பக்கம் என்கிறேன், விமானம் ஏற வேண்டும்!

சொந்தக்காரர்கள் பத்துப் பேர் கூட்டுப் பிடித்து லெகோலேண்ட் போகலாமா சார்?

கூட்டு, அதாவது சீட்டு என்றாலே எனக்குப் பயம். அதைத் தொழிலாக நடத்துவதற்கு எதிராக 1971இலேயே தனிச் சட்டம் வந்தது என்றால், எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள்! ஆளுக்கு ஆள் தன் வங்கிக் கணக்கில் மாதாமாதம் போட்டு வையுங்கள். இன்னொன்று, லெகோலேண்ட் இருப்பது ஜொகூரில். இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் அது. வீட்டில் எல்லாரும் பதினைந்தைத் தாண்டியவர்கள் என்றால், தகரச் சுரங்க நிலத்தில் எழுந்த சன்வே லகூன் நீர்ப்பூங்கா போதும்.

அப்பாவுக்கு எழுபது வயது. முப்பது வருடம் மரம் வெட்டியவர். இப்போதாவது கூட்டிப்போகலாம் என்றால் "எனக்கெதற்கு இதெல்லாம்" என்கிறார். அவர் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை; நிரந்தரவாசிதான், குடிமகன் இல்லை.

ஈப்போ பக்கத்தில் இருக்கும் தம்பூனுக்குக் கூட்டிப்போங்கள் அம்மா. லாஸ்ட் வேர்ல்ட் ஆஃப் தம்பூன், 2004இல் திறந்தது. சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே இயற்கையான வெந்நீர் ஊற்று இருக்கிறது. தாழ்ந்த கோட்டில் வெட்டக் குனிந்து குனிந்து தேய்ந்த முழங்கால். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருக்கட்டும். சறுக்குமரம் பிள்ளைகளுக்கு. பூங்காவுக்கு என்று சொல்லாமல் வெந்நீருக்கு என்று சொல்லிப் பாருங்கள், மறுக்க மாட்டார்.

குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை தரும் பூங்காக்கள் பல. சிவப்பு அட்டைக்கும் அது உண்டா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். இந்த மண்ணிலேயே முதுகு வளைந்த மனிதரை டிக்கெட் முகப்பில் நிற்கவைத்து விளக்கம் சொல்லவைக்க வேண்டாம்.

எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று அவரிடம் கேட்காதீர்கள். நான்கு மணிக்கே குளித்துச் சட்டை மாட்டி வாசலில் உட்கார்ந்திருப்பார். தம்பூன் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது.