பால் பிளேட்ல தெளிஞ்ச வட்டம்

கேள்வி: பெங்களூருல எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கிறேன். புரோட்டீனை உடைக்கிற என்சைமை வெளிய விடுற ஈஸ்ட்டைத் தேடுறதுதான் ப்ராஜெக்ட். ஸ்கிம் மில்க் அகார்ல (கொழுப்பு நீக்கின பால் கலந்த ஜெல்லி பிளேட்; என்சைம் வெளிய வந்தா பால் புரோட்டீன் உடைஞ்சு அந்த இடம் தெளியும்) பேக்கரி ஈஸ்ட் போட்டா மூணு நாளாகியும் ஒண்ணுமே தெளியல. கே.ஆர். மார்க்கெட்ல வாங்கின திராட்சைத் தோல்ல இருந்து வந்த ஒரு காலனியைச் சுத்தி மட்டும் ஒரே நாள்ல பெரிய வட்டம். ஈஸ்ட் கிடைச்சிடுச்சுன்னு எழுதிடலாமா?
- வாசகி, அல்சூர்

பதில்: அவசரப்படாதீங்கம்மா. ஒரே நாள்ல வட்டம்னு படிச்சதுமே எனக்குப் பக்குனு ஆச்சு, ஏன்னா படிக்கிறப்ப நானும் இப்படி ஒரு காலனியைப் பிடிச்சு வெச்சு மூணு வாரம் திரும்பத் திரும்ப வளர்த்தேன், அப்புறம் மைக்ரோஸ்கோப்ல பார்த்தா மொட்டு விடுற முட்டை வடிவ செல் ஒண்ணுகூட இல்ல, எல்லாம் குச்சி குச்சியா பேசில்லஸ் பாக்டீரியா. அழுதுட்டேன். அதனால முதல்ல ஒரு சொட்டுத் தண்ணில கலந்து ஸ்லைடு பாருங்க. ஈஸ்ட் செல் சுமார் 5 மைக்ரான் இருக்கும், ஓரத்துல குட்டி மொட்டு ஒட்டிக்கிட்டிருக்கும். அடுத்த பிளேட்ல பாக்டீரியாவைத் தடுக்கிற ஆன்டிபயாட்டிக்கான குளோராம்பெனிக்கால் சேர்த்துடுங்க.

பேக்கரி ஈஸ்ட் தெளியாதது உங்க தப்பில்ல. அது சாக்கரோமைசிஸ் செரிவிசியே. அதுகிட்ட புரோட்டியேஸ், அதாவது புரோட்டீனை உடைக்கிற என்சைம் இருக்கு, ஆனா செல்லுக்குள்ள இருக்கிற வேக்குவோல்ங்கிற பைக்குள்ளயே வெச்சிருக்கும், செல் செத்து உடைஞ்சாதான் பெரும்பாலும் வெளிய வரும். அதை நெகட்டிவ் கண்ட்ரோலா, அதாவது தெளியக் கூடாத ஒப்பீட்டு மாதிரியா வெச்சுக்கங்க. யாரோவியா லிபோலிட்டிகாங்கிற ஈஸ்ட் நல்லா வெளிய விடும். கேண்டிடா அல்பிகன்ஸும் விடும், ஆனா அது நோய்க்கிருமி, விளையாடாதீங்க. திராட்சைல மெட்ஷ்னிகோவியா புல்கெரிமாங்கிற ஈஸ்ட் இருக்கும், அதோட சில வகை புரோட்டியேஸ் விடும், மீடியத்துல இரும்புச் சத்து இருந்தா காலனி செம்மண் நிறமா மாறும், அந்த நிறம் கண்ணுல பட்டா விட்டுடாதீங்க. ஆக தேடின இடம் சரிதான்.

இன்னொண்ணு, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு ஆசிட் விட்டாலும் பால் பிளேட்ல வட்டம் மாதிரி தெரியும். காலனியை ஸ்லான்ட்ல (சாய்வா உறைய வெச்ச அகார் டியூப்) பத்திரப்படுத்திட்டு, கையுறை போட்டு, பிளேட் மேல 10 சதவீத டிரைகுளோரோ அசிட்டிக் ஆசிட் ஊத்துங்க, உடையாத கேசின், அதாவது பால் புரோட்டீன், வெள்ளையா திரண்டுடும், நெஜமாவே செரிச்ச இடம் மட்டும் தெளிவா நிக்கும். நான் இதைச் செய்யாம எந்த வட்டத்தையும் நம்பமாட்டேன். மீடியத்துல அம்மோனியம் உப்பு நிறைய போட்டிருந்தா குறைங்க, ஈசியா நைட்ரஜன் கிடைச்சா நிறைய ஈஸ்ட் இந்த என்சைமை செய்யவே செய்யாது. பாலைத் தனியா ஆட்டோகிளேவ் பண்ணி (அழுத்த நீராவில கிருமி நீக்கி) அப்புறம் அகாரோட கலங்க, இல்லன்னா திரிஞ்சிடும்.

இதெல்லாம் தாண்டியும் வட்டம் நின்னுச்சுன்னா, வட்டத்தோட விட்டத்தைக் காலனியோட விட்டத்தால வகுத்து தினமும் நோட்டுல எழுதுங்க. எந்த ஈஸ்ட்னு டி.என்.ஏ. மூலமா கண்டுபிடிக்கிற ஐ.டி.எஸ். சீக்வென்சிங்குக்குக் காசு கட்டுறது அதுக்கப்புறம்.