ஸ்பிரின்ட் ஆய்வின் 25 சதவீதம்: நூறு பேரில் 25 பேரா?

ரத்த அழுத்தத்தை எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று ஆராய்ந்த ஸ்பிரின்ட் ஆய்வில் பாதிப்பு 25 சதவீதம் குறைந்தது என்ற செய்தியைப் படித்துவிட்டு, உங்கள் தந்தைக்காகக் கேட்டிருந்தீர்கள். இல்லை, மேல் ரத்த அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவந்தால் நூறு பேரில் 25 பேர் மாரடைப்பிலிருந்து தப்புவார்கள் என்று நீங்கள் புரிந்துகொண்டது சரியன்று. 2015-இல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வில், 140-க்குக் கீழே என்ற இலக்குடன் சிகிச்சை பெற்ற 4,683 பேரில் 319 பேருக்கும், 120-க்குக் கீழே என்ற இலக்குடன் சிகிச்சை பெற்ற 4,678 பேரில் 243 பேருக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்ற பாதிப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது. அதாவது சுமார் மூன்றேகால் ஆண்டுகளில் நூற்றுக்கு 6.8 என்பது 5.2 ஆகக் குறைந்தது.

இந்தக் குறைவு 6.8-இல் ஏறக்குறைய கால் பங்கு; 25 சதவீதம் என்பது அதைத்தான் குறிக்கிறது. செய்தியில் இந்த ஒப்பீட்டு விகிதத்தை மட்டும் போட்டிருப்பார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். இரு குழுக்களிலும் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்குப் பாதிப்பு என்ற எண்களைத் தேடி, நீங்களே வகுத்துப் பாருங்கள்.

உங்கள் தந்தைக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்நோய் உள்ளவர்களையும் முன்பே பக்கவாதம் வந்தவர்களையும் இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. மேலும், அங்கே நோயாளியை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்கள். அவசரத்தில் ஒருமுறை எடுத்த அளவை அதனுடன் ஒப்பிட முடியாது. 120-க்குக் கீழே என்ற இலக்குடன் சிகிச்சை பெற்றோரிடம் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடுதலாகக் காணப்பட்டதால், தயவுசெய்து மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். அவருடைய மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.